குளிர்காலத்தில் ஒரு வீட்டை விற்றபோது

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இரண்டிலும் உள்ள தொல்லைகளை அனுபவித்து அறிந்தவர்கள் சொன்ன சொல் அது. வீட்டை விற்றுப் பார் என்று அவர்கள் ஏன் சேர்த்துச் சொல்லவில்லை என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அந்தக் காலத்தில் வீட்டை விற்பது அரிது. விற்க நேர்ந்தாலும் அதைப் பற்றிப் பேசுவதைக் குடும்பத்தார் விரும்பமாட்டார்கள். இன்று நிலைமை வேறு. உத்தியோகத்தின் பொருட்டுத் தொலைவான நகரங்களுக்குச் சென்று, அங்கே சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு வீட்டை வாங்கி, ஓய்வு பெற்றபின் அதை விற்றுவிட்டு ஊர் திரும்புவோர் நம்மில் பலர். ஆதலால் வீடு விற்கும் வகையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் இருந்த எங்கள் வீட்டை விற்றேன். அதை வைத்தே இன்று பேச விரும்புகிறேன். நான் விற்றது நல்ல பருவத்தில் அன்று, நடுக் குளிர்காலத்தில். "ஹோலி வரை பொறுத்திருங்கள், பிறகு நல்ல விலை வரும்" என்று நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பொறுக்க எங்களால் இயலவில்லை. என் மனைவிக்கு ஆண்டுதோறும் கார்த்திகை பிறந்தால் மூச்சுத் திணறல் வந்துவிடும். இன்னொரு குளிர்காலத்தைத் தில்லியில் கழிக்க வேண்டாம் என்று மருத்துவர் முடிவாகக் கூறிவிட்டார். சென்னையில் ஒரு சிறு வீட்டிற்கு முன்பணம் கொடுத்திருந்தோம். தில்லி வீடு விலைபோனால்தான் எஞ்சிய தொகையைக் கொடுக்க முடியும். எங்களைப் போலவே பருவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லாமல் விற்க நேர்வோர் பலர் இருப்பர். அவர்களுக்கு என் அனுபவம் ஓரளவு பயன்படலாம்.

குளிர்காலம் என்ற சொல் இந்த நாட்டில் எல்லா இடத்தும் ஒரே பொருளைத் தருவதில்லை. சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் மார்கழியும் தையும் ஆண்டின் இனிய மாதங்கள். காசுமீரத்தில் டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கும் நாற்பது நாட் கடுங்குளிருக்குச் சில்லைக் கலான் என்றே தனிப்பெயர் உண்டு. தில்லி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கே பனிமழை பெய்வதில்லை. ஆயினும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும் வரை மூடுபனி இறங்கும். சில நாட்களில் முற்பகல் முழுவதும் எதிர்வீடு தெரியாது. பகற்பொழுதும் குறுகிவிடும். கோடையில் ஏறக்குறைய 14 மணி நேரம் நீளும் பகல், டிசம்பர்க் கடைசியில் 10 மணி 20 நிமிடத்தில் அடங்கிவிடும். பனியோடு புகையும் கலந்து மூட்டமாக நிற்கும் நாட்களில், வேலை இல்லாதவர்கள் வெளியே தலை காட்டமாட்டார்கள். வீடு பார்க்க வருவோர் தொகை குறைவதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் பஞ்சாங்கத்தைச் சேர்ந்தது. மார்கழியில் நாம் திருமணம் செய்வதில்லை, புதுமனை புகுவதுமில்லை. வடநாட்டாரும் கதிரவன் தனுர் ராசியில் நிற்கும் அதே மாதத்தைக் கர்மாஸ் என்று அழைத்து, அதே நற்காரியங்களை விலக்குகின்றனர். டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 14 வாக்கில் மகர சங்கராந்தியோடு அது முடிகிறது. மொழி வேறு, உணவு வேறு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் இரு மக்களும் இந்த ஒரு மாதத்தில் ஒன்றுபட்டு விடுகிறார்கள். அந்த மாதத்தில் பயானா கொடுப்பதற்கே பலர் தயங்குவார்கள். பயானா என்பது நாம் அச்சாரம் என்று சொல்லும் முன்பணம்.

முதலில் இது எனக்குப் பெரிய தடையாகத் தோன்றியது. பின்னர்தான் அதில் ஒரு நன்மை இருப்பது விளங்கிற்று. வீட்டை விற்பவருக்கு வேண்டிய ஆவணங்களைத் தேடித் தொகுக்க ஒரு மாதம் தேவை. கர்மாஸ் அந்த மாதத்தைக் கேளாமலே கொடுத்துவிடுகிறது. மூலப்பத்திரம், அதற்கு முன் கைமாறிய பத்திரங்கள், வீட்டு வரி கட்டிய இரசீதுகள், மின்கட்டணச் சீட்டுகள், குடியிருப்போர் சங்கத்தில் பாக்கி இல்லை என்ற கடிதம் ஆகிய எல்லாம் வேண்டும். தில்லியில் அரசு நிலத்தைக் குத்தகையாகப் பெற்றுக் கட்டிய வீடுகள் மிகுதி. அவற்றை முழு உரிமையாக மாற்றிக்கொள்ளும் திட்டம் 1992ஆம் ஆண்டு வந்தது. மாற்றிக்கொள்ளாமலே முப்பது ஆண்டுகளைக் கழித்து, விற்கும்போது விழித்துக்கொள்வோர் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தில்லியில் நெடுங்காலம் பொது அதிகாரப் பத்திரத்தைக் கொடுத்தே வீடுகளை விற்பதும் வாங்குவதும் வழக்கமாக இருந்தது. அத்தகைய பத்திரத்தால் உரிமை மாறாது, பதிவு செய்த விற்பனைப் பத்திரத்தாலேயே மாறும் என்று உச்சநீதிமன்றம் 2011ஆம் ஆண்டு தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஆதலால் தமது பெயரில் பதிவான பத்திரம் இருக்கிறதா என்பதை விற்பவரே முதலில் பார்த்துக்கொள்வது நலம். வங்கியில் கடன் பெற்று வாங்குவோர் வந்தால், வங்கியின் வழக்கறிஞர் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். அப்போது ஒரு தாள் குறைந்தாலும் வாரக்கணக்கில் காலம் போய்விடும்.

வருவோர் குறைவு என்றேன். ஆயினும் அந்தக் குளிரில் படியேறி வருகிறவர் வேடிக்கை பார்க்க வருகிறவர் அல்லர். கோடையின் தொடக்கத்தில் ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வந்து, தேநீர் அருந்திவிட்டு, "பிறகு சொல்கிறோம்" என்று போகிறவர் பலர். மார்கழியில் வருகிறவருக்கு வீடு உண்மையாகவே வேண்டியிருக்கிறது. வேலை மாற்றலாகி வந்தவர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து பெற்றோருக்கு வீடு தேடுகிறவர், ஏப்ரலில் பள்ளி திறக்குமுன் குடியேற வேண்டியவர் ஆகியோரே அந்த நாட்களில் வந்தார்கள். தில்லியில் குழந்தைகளை மழலைப் பள்ளியில் சேர்க்கும் வேலை குளிர்காலத்திலேயே நடக்கிறது. பள்ளிக்கும் வீட்டிற்கும் உள்ள தூரத்தையும் அதில் கணக்கில் கொள்கிறார்கள். எனவே சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வீடு பார்க்கின்றன. மொத்தம் ஒன்பது குடும்பத்தார் எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். அவர்களில் நால்வர் இரண்டாம் முறையும் வந்தார்கள்.

இனி, வீட்டைக் காட்டும் முறை பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீடு ஒரு கட்டடத்தின் மேல்மாடியில், தெற்குப் பார்த்து அமைந்தது. "தெற்கு வாசலா? விலை குறையும்" என்றார் தரகர். வாசல் வடக்கிலோ கிழக்கிலோ இருக்க வேண்டும் என்று விரும்புவோர் அங்கும் மிகுதி. அவர் சொன்னது சந்தை நிலவரம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கதிரவன் செல்லும் வழி வேறொன்றைச் சொல்கிறது. டிசம்பர்க் கடைசியில் நண்பகல் வேளையில் சென்னையில் கதிரவன் அடிவானத்திலிருந்து 53 பாகைக்கு மேல் நிற்கும். தில்லியில் அது 38 பாகைதான் ஏறும். அதனால் தெற்குச் சன்னல் வழியே வெயில் சாய்ந்து உள்ளே நீளும். சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடி உயரத்தில் இருந்தால், வெளியே ஒன்றரை அடிச் சாய்ப்பு இருந்தாலும், அந்த வெயில் அறைக்குள் 7 அடிக்குக் குறையாமல் வந்து விழும். ஜூன் மாதத்திலோ கதிரவன் ஏறக்குறைய உச்சந்தலைக்கே வந்துவிடுவதால், அதே சாய்ப்பு வெயிலை வெளியே நிறுத்திவிடும். குளிரில் வெயிலை அழைத்து, கோடையில் அதை விலக்கும் இத்தகைய சன்னல் வடநாட்டில் ஒரு செல்வம். கோடையில் வீடு பார்க்க வருகிறவருக்கு இதை வாயால் சொல்லலாம். நம்புவது அவர் விருப்பம். குளிர்காலத்தில் வருகிறவருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு நாற்காலியை வெயிலில் போட்டு, உட்காரச் சொன்னால் போதும்.

ஆகவே வீட்டைப் பகல் 11 மணிக்கு முன்னும் 3 மணிக்குப் பின்னும் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். காலையில் பனி விலகியிராது. மாலையில் விளக்கேற்றினால் எந்த வீடும் சற்றுச் சோர்ந்தே தோன்றும். நண்பகலில் மற்றொரு நன்மையும் உண்டு. குளிர்கால வெயில் வந்துவிட்டால் தில்லிவாசிகள் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள். ரஜாய் மெத்தைகள் கைப்பிடிச் சுவரில் காயும். பெண்கள் கம்பளி பின்னுவார்கள். கிழவர்கள் வேர்க்கடலையை உரித்துக்கொண்டு அரசியல் பேசுவார்கள். கோடையில் கதவடைத்துக் கிடக்கும் அண்டைவீட்டார் அனைவரையும் அந்த வேளையில் ஒரே இடத்தில் பார்க்கலாம். வீடு வாங்குகிறவர் சுவரை மட்டுமா வாங்குகிறார்? அக்கம்பக்கத்தையும் சேர்த்தன்றோ வாங்குகிறார்? வந்தவர்களை நான் மாடிக்கு அழைத்துச் சென்று, அங்கே விட்டுவிட்டுக் கீழே வந்துவிடுவேன். நாம் பக்கத்தில் நின்றால் அவர்கள் கேட்க நினைப்பதைக் கேட்கமாட்டார்கள்.

பழுது பார்க்கும் வேலைகளைத் தீபாவளிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். தீபாவளிக்கு வெள்ளையடிப்பது வடநாட்டார் வழக்கம். விற்பவருக்கு அது மிகவும் பொருந்தும். குளிரில் சுண்ணாம்பும் வண்ணமும் மெல்லவே உலரும். அன்றியும், 2017ஆம் ஆண்டு முதல் தலைநகர்ப் பகுதியில் காற்று மிகவும் கெட்டுப்போகும் நாட்களில் கட்டுமான வேலைகளையும் இடிக்கும் வேலைகளையும் நிறுத்திவைக்கும் திட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. டிசம்பரில் செய்துகொள்ளலாம் என்று ஒத்திப்போட்ட வேலை அப்படியே நின்றுபோகக் கூடும்.

வீட்டை வெதுவெதுப்பாக வைத்துக் காட்டுவதும் நன்று. ஆனால் அதற்காக அடைத்த அறையில் அங்கீட்டி என்னும் கரியடுப்பை ஒருபோதும் வைக்கலாகாது. அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். மின்கணப்பு ஒன்றை அரைமணி முன்னதாக ஏற்றி வைத்து, ஒரு சன்னலைச் சற்றே திறந்துவிட்டால் போதுமானது.

நேயர்களே, இதுவரை நான் சொன்னவை எல்லாம் எளியவை. இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

மேல்மாடி வீட்டில் இருந்தவர்களுக்கு மழைக்காலம் எப்படிப்பட்டது என்று தெரியும். எங்கள் வீட்டின் பின்னறையில், வடமேற்கு மூலையில், கூரை ஒழுகும். ஜூன் முடிவில் தில்லிக்குப் பருவமழை வந்து சேரும். நல்ல மழை இரண்டு பெய்தால் அந்த மூலையில் ஒரு வாளி வைக்க வேண்டும். இருமுறை மேலே பூச்சு வேலை செய்தோம். ஒழுகல் குறைந்தது, நிற்கவில்லை. செப்டம்பரில் மழை விடும், சுவர் உலரும், தீபாவளிக்கு வெள்ளையடிப்போம். டிசம்பரில் அந்த மூலையைப் பார்த்தால் புதிய சுவர்போல இருக்கும். குளிர்காலத்தில் இடையிடையே பெய்யும் சிறுமழையால் அங்கே ஒரு சொட்டும் இறங்காது.

சுவரில் தோன்றும் ஈரம் இருவகைப்படும் என்பதை இங்கே விளக்கிவிடுகிறேன். குளியலறையிலும் சமையலறையிலும் எழும் ஆவி, குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படிவது ஒருவகை. இது குளிர்காலத்திற்கே உரியது. சன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும். கூரையிலோ குழாயிலோ ஏற்பட்ட பழுதால் சுவருக்குள்ளிருந்து ஊறி வருவது மற்றொருவகை. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஓரடிச் சதுரமான அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், வெளிப்புறம் ஈரமாயிருந்தால் அது காற்றிலிருந்து படிந்தது; உட்புறம் ஈரமாயிருந்தால் அது சுவரிலிருந்து வந்தது. வீடு வாங்குவோரும் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால் எங்கள் மூலையில் டிசம்பரில் இந்தச் சோதனையைச் செய்தால் இருபுறமும் காய்ந்தே இருக்கும். ஜூலையின் உண்மையை டிசம்பர் மறைத்துவிடுகிறது.

"அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். மழைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது" என்றார் தரகர். அவர் தீயவர் அல்லர். தம் தொழிலில் பலர் செய்வதையே சொன்னார். என் மனமும் அதற்கு உடன்படப் பார்த்தது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் கொடுக்க வேண்டிய தவணை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இரவில் என் மனைவி மூச்சுக்குப் போராடும் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வாளித் தண்ணீருக்காக வந்த வாடிக்கையாளரை இழப்பதா என்று எண்ணினேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று புரட்டிப் பார்த்தேன். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க இயலாமலும் இருந்தால், அதை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்றே அந்தப் பிரிவு கூறுகிறது. ஒழுகும் கூரையைக் கண்டு, அதைப் பார்த்தே விலை பேசி வாங்கினவர் பிறகு குறை சொல்வதற்கில்லை. ஆனால் உலர்ந்து, வெள்ளையடித்த சுவருக்குப் பின்னால் இருப்பதை எவர் காண முடியும்? குளிர்காலத்தில் விற்கிறவருக்கு இந்தக் கடமை மற்றப் பருவங்களில் உள்ளதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது என்பது எனக்கு அப்போது புலனாயிற்று.

ஆயினும் என்னைத் தீர்மானிக்க வைத்தது சட்டம் அன்று. என் மனைவி ஒன்று கேட்டாள்: "சென்னையில் நாம் வாங்கும் வீட்டை மழையில் நாம் பார்க்கவில்லையே. அவர்கள் நமக்குச் சொல்லியிருப்பார்கள் என்றுதானே நம்பியிருக்கிறோம்?" அதற்கு என்னிடம் விடை இல்லை.

எங்கள் வீட்டை வாங்க முன்வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. தம் தாயாரோடும் சிறு மகனோடும் இரண்டாம் முறை வந்திருந்தார். தாயார் தெற்குச் சன்னல் வெயிலில் நாற்காலியை விட்டு எழவே இல்லை. அவர்களைப் பின்னறைக்கு அழைத்துச் சென்று, மூலையைக் காட்டி, உள்ளதைச் சொன்னேன். இருமுறை செய்த பூச்சு வேலைக்கான இரசீதுகளையும் கொடுத்தேன். தரகர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்து போய்விட்டார்.

பத்து நாட்கள் செய்தி இல்லை. அந்தப் பத்து நாட்களில் நான் செய்ததைப் பற்றி எனக்குப் பெருமிதம் ஒன்றும் இருக்கவில்லை, கவலைதான் இருந்தது. பதினோராம் நாள் அவர் ஒரு கட்டட மேஸ்திரியுடன் வந்தார். மேஸ்திரி மாடிக்குப் போய்த் தளத்தைத் தட்டிப் பார்த்து, பழைய பூச்சைப் பெயர்த்தெடுத்துச் சரிவு கொடுத்துப் புதிதாகப் போட வேண்டும் என்று கூறி, ஒரு தொகையைக் குறிப்பிட்டார். அந்தத் தொகையை விலையில் குறைத்துக்கொள்ளும்படி ஆசிரியை கேட்டார். நான் இசைந்தேன். "பாயி சாஹிப், வேறு ஏதேனும் உண்டா?" என்று அவருடைய தாயார் கேட்டார். குளியலறையின் வெந்நீர்க் கொதிகலன் பழையது என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

விலையைப் பற்றி இங்கே ஒரு சொல். குளிர்காலத்தில் விற்பவர் தேவைக்காக விற்கிறார் என்பதை வாங்குவோர் அறிவர். ஆகவே வீட்டைக் காட்டத் தொடங்குமுன்பே, இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்ற தொகையைத் தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். அண்டையில் யாரோ சொன்ன பேச்சை நம்பாமல், அதே தெருவில் அண்மையில் பதிவான விலைகளை விசாரித்து அதை முடிவு செய்ய வேண்டும். சர்க்கிள் ரேட் என்று தில்லி அரசு பகுதிதோறும் வகுத்துள்ள மதிப்பு, முத்திரைத் தீர்வைக்காக ஏற்பட்டது. அதைச் சந்தை விலை என்று கொள்ளலாகாது. நான் எழுதி வைத்த தொகைக்குச் சற்று மேலேயே, கூரைச் செலவு கழித்த பின்னும், விலை நின்றது.

சங்கராந்தி கழிந்த மறுவாரம் பயானா வாங்கினேன். பிப்ரவரியில் பத்திரம் பதிவாயிற்று. இடையில் மனைவியைச் சென்னையில் விட்டுவிட்டுத் திரும்பினேன். இரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடுபனிக் காலத்தில் தில்லி செல்லும் வண்டிகள் பல மணி நேரம் தாமதிப்பது வழக்கம். பதிவு நாளுக்கு முந்தின இரவு போய்ச் சேர்வதாக எண்ணிப் புறப்பட்டால் ஏமாற்றமே மிஞ்சும். இரண்டு நாள் முன்னதாகச் செல்ல வேண்டும். பத்திரத்தில் கையொப்பமிட்ட நாளிலிருந்து நான்கு மாதத்திற்குள் அதைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதி. ஆதலால் ஒரு நாள் தவறினால் கலங்க வேண்டியதில்லை. ஆனால் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து காத்திருக்கும் மற்றவர்களுக்கு அது தொல்லை.

வரியையும் மறக்கலாகாது. விலை 50 இலட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவர் அதில் நூற்றுக்கு ஒரு பங்கைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்ற விதி 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் இருக்கிறது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் விற்றுக் கிடைத்த ஆதாயம், மார்ச்சு 31இல் முடியும் நிதியாண்டின் கணக்கில் சேரும். அதற்கான முன்வரியின் கடைசித் தவணை மார்ச்சு 15. தொழில் வருமானம் இல்லாத, 60 வயது நிரம்பிய முதியோருக்கு முன்வரித் தொல்லை இல்லை. மற்றவர்கள் நாளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். விற்ற வீட்டிற்கு ஈடாக இன்னொரு வீடு வாங்குவோருக்கு உள்ள சலுகையைக் கணக்கரிடம் கேட்டறிவது நன்று.

சாவியைக் கொடுத்த அன்று காலி வீட்டை ஒருமுறை சுற்றி வந்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்த வீடு. நண்பகல் வெயில் வழக்கம்போல் தரையில் விழுந்து கிடந்தது. அந்த நேரத்தில் ஒருவர் மனத்தில் எழுவதை நான் விவரிக்க வேண்டியதில்லை. வீடு விட்டவர்கள் அறிவார்கள்.

ஜூலை மாதத்தில் ஒரு நாள் மாலை, சென்னையில் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. ஆசிரியையின் தாயார் பேசினார். தில்லியில் முதல் பெருமழை பெய்ததாம். பள்ளி வேலைகளுக்கிடையே கூரையைப் பழுதுபார்க்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லையாம். "நீங்கள் காட்டிய அதே மூலையில்தான் ஒழுகுகிறது. முன்பே வாளி வைத்துவிட்டோம். மழை விட்டதும் மேஸ்திரி வருகிறார். உங்கள் மனைவிக்கு மூச்சு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அவளையே பேசச் சொன்னேன். பாதி இந்தியிலும் பாதித் தமிழிலுமாக இருவரும் நெடுநேரம் பேசினார்கள்.

நான் சொல்லாமல் விட்டிருந்தால், அன்று அந்தத் தொலைபேசி வேறு விதமாக ஒலித்திருக்கும். அல்லது ஒலியாமலே இருந்திருக்கும். ஒவ்வொரு ஜூலையிலும் அந்த மூலை என் நினைவில் ஒழுகிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் வீடு விற்கும் நேயர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. உங்கள் வீட்டிற்கு அந்தப் பருவம் தரும் அழகை, அதாவது வெயிலை, தாராளமாகக் காட்டுங்கள். அந்தப் பருவம் மறைத்து வைக்கும் குறையை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். அதனால் விலை சற்றுக் குறையக்கூடும். நாளும் சில கழியக்கூடும். ஆனால் விற்ற வீட்டை நினைக்கும்போதெல்லாம் மனம் அமைதியாக இருக்கும்.